தாமதத்தில் ஓடும் கடிகாரம்

உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரத்தைப் பற்றிய முதுகலை ஆய்வுக்காகப் பழ ஈக்களோடு ஆறு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதில் ஓர் இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

எங்கள் ஆய்வகத்தில் ஈக்களுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. பீரோ அளவு இருக்கும். உள்ளே வெப்பம் எப்போதும் 25 டிகிரி. காலை 9 மணிக்கு விளக்கு எரியும், இரவு 9 மணிக்கு அணையும். ஈக்களுக்கு அதுதான் சூரியன். விளக்கு எரியும் நேரத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து மணியை எண்ணுவது இந்தத் துறையின் பழக்கம். அதன்படி எங்கள் நள்ளிரவு 12 மணி ஈக்களின் 15ஆம் மணி. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு குப்பியை எடுத்து, அதிலுள்ள ஈக்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். பகல் 12, மாலை 4, இரவு 8, நள்ளிரவு 12, விடியற்காலை 4, காலை 8. ஒரு நாளைக்கு ஆறு குப்பி.

உறைந்த ஈக்களைக் குலுக்கினால் தலை தனி, உடல் தனி என்று உதிர்ந்துவிடும். பிறகு இரண்டு சல்லடை. மேல் சல்லடையில் உடல் தங்கும், கீழ்ச் சல்லடையில் கசகசா அளவுக்குத் தலைகள் தங்கும், காலும் இறக்கையும் அதையும் தாண்டி விழும். தலைகளை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, 'பீரியட்' என்ற ஒரே ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல்) அந்த நேரத்தில் எவ்வளவு இருந்தது என்று அளக்க வேண்டும். ஆறு புள்ளிகள் கிடைக்கும். சேர்த்துக் கோடு இழுத்தால் ஓர் அலை வர வேண்டும். முன்னிரவில் உச்சி, பின்னிரவில் இறக்கம், காலையில் தரை.

என் அலை சரியாக வரவில்லை. விடியற்காலை 4 மணிப் புள்ளி இறங்க வேண்டிய இடத்தில் உச்சியிலேயே நின்றது. வழிகாட்டி மேடமிடம் பயந்து பயந்து காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நடுராத்திரி யாராவது லைட் போட்டீங்களா?"

நான்தான் போட்டேன். நள்ளிரவுக் குப்பியை எடுக்கப் போனபோது சிவப்பு விளக்கின் பேட்டரி தீர்ந்திருந்தது. குப்பியின் மேல் எழுதிய எழுத்து தெரியவில்லை. கைபேசி டார்ச்சைப் போட்டு நாலைந்து நிமிடம் தேடினேன். அதே பெட்டியில் 4 மணிக்கும் 8 மணிக்கும் உரிய குப்பிகளும் இருந்தன. ஒரு வரைபடத்தைப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அன்றைக்கு எனக்கு மந்திரமாக இருந்தது.

மந்திரம் இல்லை என்று புரிந்துகொள்ள 1971க்குப் போக வேண்டும்.

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் மாணவராக ரொனால்ட் கொனோப்கா இருந்தார். பழ ஈ கூட்டுப்புழுப் பருவம் முடிந்து ஓட்டை உடைத்து வெளியே வருவது பெரும்பாலும் விடியலையொட்டி. ட்ரோசோஃபிலா என்ற அதன் அறிவியல் பெயருக்கே 'பனியை விரும்புவது' என்று பொருள். புதிதாகப் பிறந்த ஈயின் இறக்கை விரிந்து இறுகக் காற்றில் ஈரம் வேண்டும், அதனால் விடியல் தோதான நேரம் என்பார்கள். ஆனால் முழு இருட்டில் வைத்தாலும் அவை அதே நேரத்தை ஒட்டித்தான் வெளிவரும். ஆகவே கடிகாரம் உள்ளே இருக்கிறது. கொனோப்கா செய்தது எளிய வேலை, ஆனால் பொறுமை வேண்டும். ரசாயனம் கொடுத்து ஈக்களின் மரபணுக்களில் பிழைகளை உண்டாக்கி, நேரம் தப்பிப் பிறக்கும் ஈக்கள் எந்தக் குப்பியில் இருக்கின்றன என்று குப்பி குப்பியாகப் பார்த்தார்.

மூன்று வகை கிடைத்தன. ஒன்றுக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொன்றுக்கு 28. மூன்றாவதற்கு நாள் என்ற ஒன்றே இல்லை, இஷ்டத்துக்குப் பிறக்கும், இஷ்டத்துக்கு அலையும். மூன்று கோளாறும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் விழுந்தன. அதாவது ஒரே மரபணுவின் மூன்று பிழைகள். அதற்குத்தான் பீரியட் என்று பெயர் வந்தது. நடத்தை என்பது எத்தனையோ மரபணுக்கள் கலந்த குழம்பு, ஒற்றை மரபணுவைப் பிடித்து இழுத்தால் ஒன்றும் வராது என்று பலரும் நம்பிய காலம் அது. ஒரே ஓர் எழுத்து மாறினால் நாளின் நீளமே மாறும் என்பதை எத்தனை பேர் முதலில் நம்பியிருப்பார்கள்?

எழுத்து என்று சும்மா சொல்லவில்லை. பின்னால் வரிசையைப் படித்தபோது, ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில் 589ஆம் இடத்தில் ஒன்று மாறியதால் 19 மணி நேர ஈ, 243ஆம் இடத்தில் ஒன்று மாறியதால் 28 மணி நேர ஈ என்று தெரிந்தது. நேரமே இல்லாத ஈயில் புரதம் பாதியிலேயே அறுந்துபோயிருந்தது.

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங்கும் தனித்தனிக் குழுக்களாக அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். நேரம் இல்லாத ஈக்குள் அதைச் செலுத்தினால் நேரம் திரும்பி வந்தது. சரி, அந்தப் புரதம் என்னதான் செய்கிறது? இதில் சில வருடம் தடுமாற்றம். செல்களுக்கு இடையே இருக்கும் பொருட்களோடு சம்பந்தப்பட்டது என்று ஒரு கட்டம் வரை நினைத்தார்கள். பாடப்புத்தகங்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. நோபல் பரிசு (2017, மூவருக்கும்) வாங்கப்போகும் ஒரு விஷயம் நடுவில் தப்பான சந்தில் நுழைந்து திரும்பி வந்திருக்கிறது என்பது, 4 மணிப் புள்ளியோடு தவித்துக்கொண்டிருந்த எனக்கு ரொம்ப ஆறுதல்.

திருப்பம் 1990இல். பால் ஹார்டின், ஹால், ராஸ்பாஷ் மூவரும் செய்தது கிட்டத்தட்ட நான் செய்த வேலைதான். நேரம் தவறாமல் ஈத் தலைகளைச் சேகரித்து ஆர்.என்.ஏ.வை அளந்தார்கள். பீரியடின் தூது ஆர்.என்.ஏ. நாள்தோறும் ஏறி இறங்கியது. நேரம் இல்லாத ஈயில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஒழுங்கான பீரியட் புரதம் கிடைத்தால் திரும்ப வந்தது. அப்படியானால் புரதம் தன் சொந்த மரபணுவின் வெளிப்பாட்டைத் தானே கட்டுப்படுத்துகிறது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ஒரு வட்டத்தை வரைந்து, மரபணுவிலிருந்து புரதத்துக்கு ஓர் அம்பு, புரதத்திலிருந்து மரபணுவுக்கு ஒரு தடைக்கோடு போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு கோபம் உண்டு. அதில் கடிகாரமே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வை நினைத்துப் பாருங்கள். நீர் ஏறினால் பந்து ஏறும், குழாய் அடைபடும். அதுவும் தன்னைத்தானே நிறுத்தும் ஏற்பாடுதான். ஆனால் அது நேரம் காட்டாது. நீர் ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிடும், அவ்வளவுதான். பீரியட் புரதம் உண்டானவுடனே தன் மரபணுவை நிறுத்தியிருந்தால் ஈயும் அப்படித்தான் ஒரு மட்டத்தில் தேங்கியிருக்கும்.

அது அலையாக மாற ஒன்று வேண்டும். 'போதும்' என்ற சேதி தாமதமாகப் போய்ச் சேர வேண்டும். சேதி வருவதற்குள் சரக்கு அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும். நிறுத்திய பிறகு குவிந்தது கரைய நேரமாகும். கரைந்து முடிந்தபின் மறுபடி தொடங்கும். ஈயில் தூது ஆர்.என்.ஏ. முன்னிரவில் உச்சத்தைத் தொடுகிறது, புரதமோ பின்னிரவில்தான், ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிந்தி. ஒரு மரபணுவைப் படித்துப் புரதம் செய்ய ஆறு மணி நேரம் ஆகாது, நிமிடங்களில் முடிகிற வேலை. அப்படியென்றால் யாரோ வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள்.

இழுத்தடிப்பவரின் பெயர் டபுள்டைம். 1998இல் யங் குழு கண்டுபிடித்தது. இது ஒரு நொதி. புதிதாக உருவாகும் பீரியட் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்பேட் அதிகமானால் புரதம் செல்லின் குப்பைக்குப் போய்விடும். ஆகவே பகல் முழுக்க ஆர்.என்.ஏ. ஏறிக்கொண்டிருந்தாலும் புரதம் சேராது. ஒரு பக்கம் உற்பத்தி, மறுபக்கம் அழிவு. வீண்செலவு போலத் தெரியும், ஆனால் ஆறு மணி நேரத்தை ஈ வாங்குவது இந்த விலைக்குத்தான்.

அழிவிலிருந்து பீரியடைக் காப்பாற்ற ஒரு துணை உண்டு. டைம்லெஸ். 1994இல் யங்கின் ஆய்வகத்தில் அமிதா சேகல் முதலியோர் கண்டது. பீரியடோடு டைம்லெஸ் சேர்ந்துகொண்டால் டபுள்டைமால் அவ்வளவு எளிதாக அழிக்க முடியாது. ஆனால் டைம்லெஸ் வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்காது. அதனால் விளக்கு அணைந்த பிறகுதான் அது சேரத் தொடங்கும், அது சேரச் சேரப் பீரியடும் சேரும். ஈயின் இரவு நடுப்பகுதியையொட்டி இரண்டும் உட்கருவுக்குள் நுழையும்.

உள்ளே காத்திருப்பவை கிளாக், சைக்கிள் என்ற இரண்டு புரதங்கள். டி.என்.ஏ.வில் 'சி.ஏ.சி.ஜி.டி.ஜி.' என்ற ஆறெழுத்து வரும் இடங்களில் ஜோடியாக உட்கார்ந்து பக்கத்திலுள்ள மரபணுவை ஓட்டுவது அவற்றின் வேலை. பீரியடையும் டைம்லெஸையும் பகல் முழுக்க ஓட்டியது இந்த ஜோடிதான். பின்னிரவில் பீரியட் வந்து அந்த ஜோடியின் வேலையை நிறுத்துகிறது, டி.என்.ஏ.வை விட்டே கிளப்புகிறது. ஆர்.என்.ஏ. சரிகிறது. விடிகிறது. வெளிச்சம் பட்டு டைம்லெஸ் போகிறது, காவல் போனதால் பீரியடும் மெல்ல அழிகிறது, கிளாக் மறுபடி வேலைக்கு உட்காருகிறது. இதுதான் ஒரு நாள்.

இப்போது என் டார்ச்சுக்கு வருகிறேன்.

ஈயின் கடிகாரச் செல்கள் பலவற்றுக்குள்ளேயே வெளிச்சம் உணரும் ஒரு புரதம் இருக்கிறது, கிரிப்டோகுரோம். நீல ஒளி பட்டால் அது உருமாறி டைம்லெஸைப் பற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் இன்னொரு புரதம் வந்து டைம்லெஸை அழிவுக்கு அனுப்பும். அந்தப் புரதத்தின் மரபணுவுக்கு ஜெட்லாக் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஈ ஆய்வாளர்கள் பெயர் வைப்பதில் குறும்புக்காரர்கள். சிவப்பு ஒளியில் வேலை செய்யச் சொல்வதன் காரணமும் இதுதான். கிரிப்டோகுரோமைச் சிவப்பு அசைக்காது, ஈயின் கண்ணுக்கும் அடர்சிவப்பு ஏறக்குறைய இருட்டு. கைபேசி டார்ச்சின் வெள்ளையிலோ நீலம் தாராளமாக உண்டு.

நள்ளிரவில் என் டார்ச் அடித்தபோது டைம்லெஸ் அப்போதுதான் குவிந்து உட்கருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதை நான் அழித்துவிட்டேன். ஆனால் விளக்கு அணைந்து மூன்று மணி நேரமே ஆன ஈக்களுக்கு அது முன்னிரவு. தூது ஆர்.என்.ஏ. நிறைய இருந்தது, அதனால் செல் மறுபடி டைம்லெஸைச் செய்துகொண்டது. மறுபடி செய்ய நேரமானது. பீரியட் உள்ளே போக நேரமானது. 'போதும்' என்ற சேதி பிந்தியது. ஆகவே 4 மணிக்கு இறங்க வேண்டிய ஆர்.என்.ஏ. இறங்கவில்லை. என் ஈக்கள் மேற்கே பறந்த பயணிகளைப் போலப் பின்தங்கிவிட்டன.

இதே டார்ச்சைப் பின்னிரவில் அடித்திருந்தால் நேர் எதிராக நடந்திருக்கும். அந்நேரம் ஆர்.என்.ஏ. வற்றிவிட்டிருக்கும். அழிந்த டைம்லெஸை ஈடுகட்ட வழியில்லை, எனவே விடியல் சீக்கிரமே வந்துவிட்டதாகச் செல் எடுத்துக்கொண்டு கடிகாரத்தை முன்னால் தள்ளியிருக்கும். ஒரே வெளிச்சம், ஒரே புரதம், ஒரே அழிவு. அந்தக் கணத்தில் கையிருப்பில் எவ்வளவு ஆர்.என்.ஏ. இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கடிகாரம் பின்னாலோ முன்னாலோ போகிறது. மேடம் ஒரு நிமிடத்தில் படித்தது இதைத்தான்.

அது பீரியட் என்ற ஒரே மரபணுவின் கதை. மற்றவை? 2001, 2002இல் பல குழுக்கள் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே முறையில் ஈயின் மரபணுக்களையெல்லாம் அளந்தன. நாளுக்கொரு முறை ஏறி இறங்கும் மரபணுக்கள் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு பட்டியல் தந்தது. சங்கடம் என்னவென்றால் பட்டியல்களை ஒப்பிட்டபோது பொதுவாக இருந்த பெயர்கள் மிகக் கொஞ்சம். துறையில் இருப்பவர்கள் இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் பேசுவார்கள்.

2011இல் ராஸ்பாஷ் குழு கேள்வியையே திருப்பிப் போட்டது. ஆர்.என்.ஏ.வை விட்டுவிட்டு, கிளாக் புரதம் டி.என்.ஏ.வில் எங்கெங்கே உட்காருகிறது என்று பார்த்தது. குறைந்தது 800 இடங்கள். முன்னிரவில் அதிகமாக உட்காருகிறது, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்துப் பீரியடும் அதே இடங்களுக்கு வந்து சேர்கிறது. அதாவது பீரியட் மரபணுவில் நடக்கும் அதே நாடகம் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கிறது. ஆனாலும் அந்த மரபணுக்களில் சுமார் 30 சதவீதத்தில் மட்டுமே அவற்றைப் படிக்கும் நொதியும் நேரத்தோடு வந்து போனது. உட்கார்ந்த இடத்திலெல்லாம் வேலை நடப்பதில்லை போலும். இன்னொரு காரணத்தையும் அந்த ஆய்வு சொன்னது. ஈத் தலை என்பது ஒரே பொருள் இல்லை. கண், மூளை, கொழுப்புத் திசு எல்லாம் அதில் உண்டு, ஒவ்வொன்றிலும் கிளாக் வெவ்வேறு மரபணுக்களைத் தேர்ந்தெடுக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் மந்தத்தில் கரைந்துவிடும். சல்லடையில் தலைகள் விழுவதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வலித்தது.

அப்புறம், தலைக்கு வெளியேயும் கடிகாரம் இருக்கிறது. 1997இல் வந்த ஓர் ஆய்வுதான் இந்தத் துறையிலேயே நான் மிகவும் நேசிப்பது. பீரியட் மரபணுவை ஓட்டும் டி.என்.ஏ. பகுதியோடு மின்மினியின் ஒளி நொதியைப் பிணைத்து ஈக்குள் வைத்தார்கள். மரபணு விழித்தால் ஈ மினுங்கும். பிறகு தலை, மார்பு, வயிறு என்று துண்டாக்கித் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். துண்டான பிறகும் ஒவ்வொன்றும் தாளம் தப்பாமல் மினுங்கி மங்கியது. விளக்கு நேரத்தை மாற்றினால் மூளையின் உதவி இல்லாமலே புது நேரத்துக்கு மாறிக்கொண்டது. இறக்கையின் ஓரத்திலும் காலிலும்கூட மினுக்கம் தெரிந்தது. நான் சல்லடையில் சலித்துக் குப்பையில் கொட்டிய கால்களும் இறக்கைகளும் மணி பார்த்துக்கொண்டிருந்தவை.

உணர்கொம்பில் உள்ள கடிகாரத்துக்கு ஒரு வேலையும் தெரியும். வாசனைக்கு அது தரும் மின் எதிர்வினை இரவில் கூடும், பகலில் குறையும். மூளையிலோ கடிகாரச் செல்கள் மிகக் கொஞ்சம். லட்சத்துக்கும் மேலான நரம்பணுக்களில் சுமார் 150 என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஈ மூளையின் முழு இணைப்பு வரைபடம் வந்த பிறகு எண்ணிக்கை 240 அளவுக்கு ஏறியிருக்கிறது. விடியற்காலைப் பரபரப்புக்கு ஒரு கூட்டம், அந்திப் பரபரப்புக்கு இன்னொரு கூட்டம்.

இவையெல்லாம் உட்கருவை ஒரு பை மாதிரி நினைத்துச் சொல்லும் கதை. பைக்குள் எந்த மூலையில் நடக்கிறது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்வாதி யத்லபள்ளியின் குழு 2021இல் இதைக் கண்ணால் பார்த்தது. பீரியட் புரதத்தில் ஒளிரும் வால் ஒன்றைச் சேர்த்து, உயிருள்ள கடிகார நரம்பணுக்களில் படம் பிடித்தார்கள். பீரியட் உட்கரு முழுக்கப் பரவியிருக்கவில்லை. உட்கருவின் சுவரை ஒட்டிச் சில புள்ளிகளாகத் திரண்டிருந்தது. மரபணு அடங்கியிருக்கும் நேரத்தில் பீரியட் மரபணுவே அந்தச் சுவரோரம் போய் ஒதுங்குகிறது, ஓட வேண்டிய நேரத்தில் உள்ளே வருகிறது. சுவரில் இருக்கும் ஒரு புரதத்தை எடுத்துவிட்டால் புள்ளிகள் குலைகின்றன, தாளமும் குலைகிறது. ஆறெழுத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதோடு, அந்த ஆறெழுத்து அறையின் எந்த மூலையில் கிடக்கிறது என்பதும் கணக்கில் வருகிறது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரசாயன வேலை எதுவும் சூட்டில் வேகமாக நடக்கும். ஈக்கு உடல்சூடு வெளியே உள்ள சூடுதான். அப்படியும் வெயிலில் அதன் நாள் சுருங்குவதில்லை. 1954இலேயே காலின் பிட்டன்ட்ரீக் காட்டியது இது. ஆனால் நாளின் நீளம் மாறாமல் வேலை நேரம் மட்டும் மாறும். பீரியடின் தூது ஆர்.என்.ஏ.யின் வால் பகுதியில் ஒரு துண்டு உண்டு. குளிரில் செல் அதை அதிகமாக வெட்டி ஒட்டும், அதனால் பீரியட் சீக்கிரம் சேரும், ஈயின் அந்தி நேர நடமாட்டம் பகல் பக்கம் நகரும். சூட்டில் வெட்டு குறையும், நடமாட்டம் இருட்டின் பக்கம் தள்ளிப்போகும்.

டபுள்டைமுக்கு நம் உடலிலும் ஓர் உறவுக்கார நொதி உண்டு. அந்த நொதி பாஸ்பேட் ஒட்டத் தொடங்குவதற்கு ஏதுவாக மனிதனின் பீரியட் புரதம் ஒன்றில் இருக்கும் இடம் மாறிப்போய், மாலை ஏழரைக்கே தூங்கி விடியுமுன் நாலரைக்கு எழும் குடும்பம் ஒன்றை 2001இல் விவரித்தார்கள். கொனோப்காவின் 19 மணி நேர ஈயின் தூரத்து உறவினர்கள்.

நான் அந்தச் சோதனையை மறுபடி செய்தேன். புதுப் பேட்டரி, சிவப்பு விளக்கு இரண்டு, குப்பிகளின் மேல் தடவினாலே எண்ணிக்கை தெரியும்படி டேப் துண்டுகள். விடியற்காலை 4 மணிக்குக் கண் எரிய எரிய ஈக்களை உறைய வைத்தேன். இந்தமுறை புள்ளி இறங்கியது. மேடம் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். ஆய்வேட்டில் அந்த அலைதான் இருக்கிறது. முதல் வரைபடத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டேன், ஒரே ஒருமுறை செய்தது சேராது என்றார், நியாயம்தான். அதை என் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் 'டார்ச், 12.05' என்று எழுதியிருக்கிறது.